மருந்துச் சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால் ஆபத்தா?

கேள்வி: வணக்கம் மேடம். என் மாமியாருக்கு வயது 66, எடை 42 கிலோ. போன வாரம் காய்ச்சல், உடம்பு வலி என்று பக்கத்தில் உள்ள கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் எழுதிய சீட்டில் பாராசிட்டமால் 650 மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று இருந்தது. சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போட்டேன். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டு, "எஸ்.ஓ.எஸ். போட்டிருக்கு, அம்மாவுக்கு என்னதான் ஆச்சு, ஏன் மறைக்கிறீங்க" என்று பதறிப்போய் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறி வந்துவிட்டார். மெடிக்கலில் கேட்கலாம் என்றால், அவர்களும் அட்டையின் பின்னால் பேனாவால் எஸ்.ஓ.எஸ். என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வேளையும் நாலு நாள் கொடுத்தோம். இன்னொரு மாத்திரைக்கு நேரே ஓ.டி. என்று இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை ஓவர்டோஸ் என்கிறாள். மாமியார் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும், மூட்டு வலிக்கு அசெக்லோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும் சாப்பிடுகிறார். இந்த எழுத்துகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? நாங்கள் அதிகமாகக் கொடுத்துவிட்டோமா? மீதி மாத்திரைகளை வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் இப்படி மிஞ்சியது ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள்: டாக்டர் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. மருந்துச் சீட்டில் வரும் எஸ்.ஓ.எஸ். என்பதற்கு "தேவைப்பட்டால் மட்டும்" என்று பொருள். "சி ஓபுஸ் சிட்" என்ற லத்தீன் தொடரின் முதல் எழுத்துகள் அவை. காய்ச்சலோ வலியோ இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றுதான் அந்த டாக்டர் எழுதியிருக்கிறார். சீட்டில் இருந்த மருந்துகளிலேயே அவசரம் மிகக் குறைந்தது அதுதான்!

ஆனாலும் அவர் பதறியதில் தவறு சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த எஸ்.ஓ.எஸ். கடலில் இருந்து வந்தது. 1906இல் பெர்லினில் கூடிய சர்வதேச ரேடியோ தந்தி மாநாடு, ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் அனுப்ப வேண்டிய குறிப்பாக அதை ஏற்றுக்கொண்டது. 1908 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் தந்தியில் மூன்று குறில், மூன்று நெடில், மறுபடி மூன்று குறில். இடைவெளி விடாமல் ஒரே மூச்சாகத் தட்டலாம், எவ்வளவு இரைச்சலிலும் காதுக்குப் பிடிபடும் என்பதற்காகவே அந்த ஓசையைத் தேர்ந்தெடுத்தார்கள். "எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்று நாம் பள்ளியில் படித்த ஆங்கில விரிவு பிற்பாடு யாரோ பொருத்திக்கொண்டது. தந்திக்காரர்களைப் பொறுத்தவரை அந்த எழுத்துகளுக்கு எந்த விரிவும் கிடையாது. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் தந்தி அறையிலிருந்து முதலில் சி.க்யூ.டி. என்ற பழைய குறிப்பைத்தான் அனுப்பினார்கள், எஸ்.ஓ.எஸ். அப்புறம்தான் வந்தது. செயற்கைக்கோள் வசதியோடு புது முறை முழுதாக நடைமுறைக்கு வந்த 1999க்குப் பிறகு கப்பல்களுக்கு மோர்ஸ் தேவைப்படவில்லை. எழுத்துகள் மட்டும் கரையேறிவிட்டன. செல்போனில் அவசர அழைப்புக்கு அதே பெயர். நம் தமிழ்நாடு காவல்துறை கொண்டுவந்த செயலிக்குக்கூட "காவலன் எஸ்.ஓ.எஸ்." என்றுதான் பெயர் வைத்தார்கள். இத்தனையையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அம்மாவின் சீட்டில் அதே மூன்று எழுத்தைப் பார்த்தால் பஸ் ஏறத்தான் செய்வார்.

இனிமேல் சந்தேகம் வந்தால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நோயாளியின் உயிருக்கு ஆபத்து என்று டாக்டருக்குத் தோன்றினால், சீட்டில் மூன்று எழுத்தை எழுதி மெடிக்கலுக்கு அனுப்ப மாட்டார். அங்கேயே படுக்கவைப்பார், இல்லையென்றால் ஆம்புலன்ஸை வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆஸ்பத்திரிக்குள் "உடனே கொடு" என்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் சொல் "ஸ்டாட்". அதுவும் லத்தீன்தான்.

லத்தீன் ஏன் இன்னும் நம்மை விடவில்லை என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மருத்துவம் படித்தவர்களுக்கெல்லாம் அதுதான் பொது மொழி. பிரிட்டனில் மருந்துகளின் அதிகாரபூர்வப் புத்தகமே வெகுகாலம் லத்தீனில் இருந்தது. 1864இல் வந்த முதல் பிரிட்டிஷ் பார்மகோபியா ஆங்கிலத்துக்கு மாறியபோதும், சீட்டு எழுதும் பழக்கம் மாறவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்தது. இதே "தேவைப்பட்டால்" என்பதற்கு அமெரிக்க டாக்டர்கள் பி.ஆர்.என். என்று எழுதுவார்கள். அதற்கும் மூலம் லத்தீன். நம் ஊரில் இரண்டும் புழங்குகின்றன.

சரி, இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். எஸ்.ஓ.எஸ்.ஸில் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. அது பாதிக் கட்டளை. தேவைப்பட்டால் போடு என்கிறது. எது தேவை, ஒரு தடவைக்கு எவ்வளவு, மறுபடி எப்போது போடலாம், ஒரு நாளைக்கு எத்தனையோடு நிறுத்த வேண்டும், எத்தனை நாள் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்ப வேண்டும் என்று எதையுமே சொல்வதில்லை. எழுதிய டாக்டருக்கு அதெல்லாம் மனப்பாடம். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு? அந்த வெற்றிடத்தை நீங்கள் "எதற்கும் இருக்கட்டும், மூன்று வேளை" என்று நிரப்பிக்கொண்டீர்கள். என் அனுபவத்தில் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதுதான் நடக்கிறது.

அந்த டாக்டர் நினைத்தது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினாலோ உடம்பு வலி தாங்க முடியாவிட்டாலோ ஒரு மாத்திரை. அடுத்தது வேண்டுமானால் ஆறு மணி நேரமாவது கழித்து. ஒரு பகல் ஓர் இரவுக்குள் மூன்றைத் தாண்ட வேண்டாம். மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டால் திரும்ப வாருங்கள். இதை எழுத நாலு வரி வேண்டும். வெளியே இருபது டோக்கன் காத்திருக்கும்போது மூன்று எழுத்தோடு முடிந்துவிடுகிறது.

நீங்கள் கொடுத்த அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 650 மில்லிகிராம் மூன்று வேளை என்றால் 1950. இதோடு மூட்டு வலி மாத்திரை இருக்கிறதே, அந்த வகையில் வழக்கமாக அசெக்லோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 இருக்கும். காலையும் இரவும் என்றால் இன்னொரு 650. ஆக ஒரு நாளைக்கு 2600 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளே போயிருக்கிறது. நல்ல எடையுள்ள, ஈரலில் பிரச்சினை இல்லாத ஒரு பெரியவருக்கு உச்ச வரம்பு நாளைக்கு 4000 மில்லிகிராம். ஆனால் 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த வரம்பைப் பயன்படுத்தக் கூடாது. கிலோவுக்கு ஒரு வேளை 15, ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் என்ற கணக்கை வைத்துக் குறைத்துக்கொள்வோம். உங்கள் மாமியாரின் 42 கிலோவுக்கு அது 2520 வரும். நீங்கள் கொடுத்தது அதைச் சற்றே தாண்டுகிறது.

பயப்படாதீர்கள். நாலு நாள் இந்த அளவில் போனதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வழக்கம்போல் நடமாடிக்கொண்டு இருக்கிறார் என்றால் கவலை வேண்டாம். பசியே இல்லை, குமட்டுகிறது, வயிற்றின் வலது மேல்பக்கம் வலிக்கிறது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகத் தெரிகிறது என்று எதையாவது கவனித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாராசிட்டமால் நல்ல மருந்து, பாதுகாப்பான மருந்து. ஆனால் அளவு மீறினால் முதல் நாள் அது எதையுமே காட்டிக்கொடுக்காது. ஆள் நன்றாக இருப்பதுபோல இருப்பார், ஈரல் கெட்ட அறிகுறி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். யாராவது தெரியாமல் ஒரே நேரத்தில் நிறைய விழுங்கிவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும்.

இதில் உங்கள் பிழை என்று சொல்ல எதுவுமில்லை. ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் இருந்தது, யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஜலதோஷ மாத்திரை, தலைவலி மாத்திரை, பல் வலிக்குக் கொடுக்கும் மாத்திரை, மாதவிடாய் வலி மாத்திரை என்று எத்தனையோ கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். உங்கள் மகள் பதினொன்றாவது படிக்கிறாளே, அந்த வேலையை அவளிடமே ஒப்படைத்துவிடலாம்.

காய்ச்சல் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்ததில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல் தானாக விட்டதா, மாத்திரை அமுக்கி வைத்திருக்கிறதா என்றே தெரியாமல் போய்விடும். தேவைப்பட்டால் மட்டும் என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த மாத்திரை இல்லாமலே உடம்பு சூடு ஏறாமல் இருந்தால்தான் காய்ச்சல் விட்டதாகக் கணக்கு. மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்கு வரும். டெங்கு காய்ச்சலில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் அசெக்லோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். ஆகையால் அடுத்த முறை மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால், மூட்டு வலி மாத்திரையைத் தொடரலாமா என்று டாக்டரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: அந்த மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் குறைக்கும். காய்ச்சலில் தண்ணீர்கூட சரியாகக் குடிக்காமல் படுத்திருக்கும்போது, சில வகை பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். இத்தனை வயதில் தினம் இரண்டு வேளை அது தேவையா, அதையே "வலித்தால் மட்டும்" என்று மாற்ற முடியுமா என்று மூட்டு டாக்டரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவது நல்லது.

எஸ்.ஓ.எஸ். என்று எழுதினாலே சாதாரணம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டு அர்த்தமும் ஒன்றாக வந்து நிற்கும் மருந்துகளும் உண்டு. இதய நோயாளிகளுக்கு எழுதும் சார்பிட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். அதற்கு நேரேயும் எஸ்.ஓ.எஸ். என்றுதான் இருக்கும். உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108ஐ அழைத்துவிட வேண்டும். அதற்கு மேலும் மாத்திரை வைத்துப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரை எடுத்தவர்கள் இதைத் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுப்பார்கள். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. அதற்கு நேரேயும் அதே மூன்று எழுத்து. அந்த ஐந்து நிமிடக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பள்ளி டீச்சருக்கும்.

ஆஸ்துமாவுக்கு உடனே மூச்சைத் திறக்கும் சால்புட்டமால் இன்ஹேலரும் இப்படித்தான். அதில் எத்தனை தடவை தேவைப்பட்டது என்பதே ஒரு செய்தி. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, தினசரி மருந்தை மாற்றவோ சேர்க்கவோ வேண்டும் என்று அர்த்தம். அந்த இன்ஹேலர் தீரத் தீர வாங்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். ஆஸ்துமாவுக்கு அதை மட்டுமே தனியாக நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் 2019இலிருந்தே சொல்லி வருகின்றன.

தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான அல்பிரசோலம் போன்றவற்றில் கதை வேறு மாதிரி போகும். எஸ்.ஓ.எஸ். என்றுதான் ஆரம்பிப்பார்கள். இரண்டு மாதத்தில் அது இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலை. அதனால்தான் இவை ஹெச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி "இன்னும் ஒரு அட்டை குடுங்க தம்பி" என்று வாங்குவது வேண்டாம்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கிறது. தினமும் எடுக்க வேண்டிய மருந்தை மக்களே எஸ்.ஓ.எஸ். ஆக்கிக்கொள்கிறார்கள். தலை சுற்றினால் மட்டும் பிரஷர் மாத்திரை, கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் மட்டும் சுகர் மாத்திரை. பிரஷர் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது, தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆன்டிபயாடிக், தைராய்டு மாத்திரை, வலிப்புக்குத் தினமும் எடுக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை இவற்றிலெல்லாம் தேவைப்பட்டால் என்ற பேச்சே கிடையாது. உங்கள் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் அந்த வகைதான் என்பதை அவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் மகளின் ஓ.டி. கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் ஆன் டியூட்டி என்பார்கள், வங்கியில் ஓவர்டிராஃப்ட், சினிமாவில் ஓவர்டோஸ். சீட்டில் அது "ஒரு நாளைக்கு ஒரு தடவை". கண் டாக்டர் எழுதினால் மட்டும் "வலது கண்" என்று அர்த்தம் மாறிவிடும், ஓ.எஸ். என்றால் இடது கண். இந்தக் குழப்பத்தாலேயே ஓ.டி.யைத் தவிர்க்க வேண்டிய சுருக்கங்களின் பட்டியலில் மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வைத்திருக்கின்றன. பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. வருமான வரியும் தண்ணீர் ஃபில்டரும் எழுதிக்கொள்ளும் டி.டி.எஸ். வேறு! ஹெச்.எஸ். என்பது படுக்கப் போகும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின். ஏ.சி. என்று எழுதியதைப் பார்த்து மாத்திரையைக் குளிர்ந்த அறையில் வைக்கச் சொல்கிறார்களா என்று கேட்டவர்களும் உண்டு, சிரிக்காமல்தான் பதில் சொன்னேன். நம் ஊர் டாக்டர்கள் பலர் இப்போது 1-0-1 என்று எழுதுகிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. லத்தீனைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எத்தனை தடவை என்பதில் குழம்பினால் உயிரையே எடுக்கக்கூடிய ஒரு மருந்தும் இருக்கிறது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு இறந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மூட்டு வலிக்கு அந்தப் பெயரில் மாத்திரை எழுதினால், எந்தக் கிழமை என்பதை டாக்டரையே சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மெடிக்கலில் அட்டையின் பின்னால் மறுபடியும் எஸ்.ஓ.எஸ். என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. டாக்டர் எழுதியது மருந்தாளுநர்களான எங்களுக்கான குறிப்பு. அதை நோயாளிக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதற்குத்தான் மருந்தாளுநர் என்று ஒருவர் அங்கே நிற்கிறார். "காய்ச்சல் இருந்தால் மட்டும், நாளைக்கு மூன்று வரை" என்று தமிழில் எழுதினால் எவ்வளவு மை செலவாகிவிடும்? 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகளிலேயே, மருந்தை எப்படி எடுப்பது என்று நோயாளிக்கு விளக்குவது மருந்தாளுநரின் வேலையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. டாக்டர்களுக்கும் 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: மருந்தின் மூலப்பெயரை, படிக்கும்படி, முடிந்தவரை ஆங்கில கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று. மருந்தின் பெயருக்குச் சொன்னார்கள், எப்படிச் சாப்பிடுவது என்பதற்கும் அதே தெளிவு வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கிளினிக்கில் கூட்டமாக இருந்து கேட்க முடியாமல் போனால், மெடிக்கலில் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். "அண்ணா, இது எதுக்கு, எப்ப போடணும், ஒரு நாளைக்கு எத்தனை வரைக்கும் போடலாம், அத்தை ஏற்கெனவே இதெல்லாம் சாப்பிடுறாங்க, ஒத்துப்போகுமா?" என்று சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் காட்டிக் கேட்டால் போதும். கடையில் இருப்பவர் விற்பனையாளராக இருந்து பதில் சொல்லத் தடுமாறினால், மருந்தாளுநர் எங்கே என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக அந்த டப்பா. நீங்கள் பன்னிரண்டு மாத்திரை கொடுத்ததாகக் கணக்கு வருகிறது. பதினைந்து மாத்திரை அட்டை என்றால் மூன்று மிஞ்சியிருக்கும். அந்தப் பாராசிட்டமாலை வைத்துக்கொள்ளலாம். தேதி அச்சடித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிடாமல், அந்தப் பக்கம் கடைசிவரை இருக்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து பிரித்துப் பயன்படுத்துங்கள். அட்டையின் மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று தமிழில் எழுதிவையுங்கள். மிஞ்சிய ஆன்டிபயாடிக் எதையும் வைத்திருக்க வேண்டாம், அடுத்தவர் காய்ச்சலுக்கு அதைக் கொடுக்கவும் வேண்டாம். திறந்த கண் சொட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது. பொடியில் தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்புக்கு ஒன்றிரண்டு வாரம்தான் ஆயுள், பாட்டிலிலேயே நாள் போட்டிருக்கும். பெயர் தெரியாமல் தனியாகக் கிடக்கும் மாத்திரைகளை, வெள்ளையாக இருக்கிறதே, காய்ச்சல் மாத்திரையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்காமல் அப்புறப்படுத்துங்கள். குப்பையில் போடும்போது அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கையோடு கலந்து, ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகளோ தெரு நாய்களோ எடுத்துத் தின்னாது.

டப்பாவைச் சமையலறையில் அடுப்புப் பக்கம் வைத்திருந்தால் அங்கிருந்து மாற்றிவிடுங்கள். சூடும் ஈரமும் படாத அலமாரியின் மேல்தட்டு போதும்.